சொத்து வரி மேல்முறையீடு: போய் வந்தவர்கள் சொல்வது

நோட்டீஸில் கட்டவேண்டிய தொகையைப் பார்த்ததும் எனக்கும் பகீரென்றுதான் இருந்தது. ஆனால் சண்டை போட அதில் ஒன்றுமில்லை. எந்த விவரத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டு, எங்கள் வீட்டின் மதிப்பீட்டுப் பதிவு நகலை வாங்கினேன். 1,280 சதுர அடி என்று இருக்கவேண்டிய இடத்தில் 1,820! இரண்டும் எட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, கார் நிறுத்தும் கொட்டகை 'அறை' என்று ஏறியிருக்கிறது.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல், அளவு நாடா தெரிகிற மாதிரி எடுத்த போட்டோக்கள், இவ்வளவுதான் கொண்டுபோனேன். "இதுக்கு எதுக்கு சார் அப்பீல், திருத்த மனு கொடுத்தாலே போதும்" என்றார் எழுத்தர். கொடுத்தேன். கூடவே அப்பீலையும் போட்டு, இரண்டுக்கும் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொண்டேன். திருத்த மனு மேசையில் கிடக்கிறது என்பதற்காக அப்பீல் கெடு நமக்காகக் காத்திருக்காது. கடைசியில் ஆள் வந்து அளந்து பார்த்தார்கள், பரப்பைத் திருத்தினார்கள், வரியும் இறங்கியது.

---

உங்களுடையது எண் பிழை, நிரூபித்தால் முடிந்தது. எங்கள் வீட்டில் பரப்பு சரி, போட்ட மதிப்புதான் அதிகம். இது கொஞ்சம் இழுபறியான வேலை.

விசாரணையில் எனக்கு முன்னால் போனவர், "ஒரேயடியா இவ்வளவு ஏத்தினா எப்படிங்க கட்டுறது?" என்று குரலை உயர்த்தினார். "கட்ட முடியுமாங்கிறது இங்க கேள்வியே இல்லைங்க. மதிப்பு தப்புன்னா காட்டுங்க" என்று முடித்துவிட்டார்கள். பாவம், அவர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

நான் அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விவரத்தை வைத்தேன். எங்கள் வீட்டின் வயது, ஏறக்குறைய அதே பரப்பு, மதிப்பீட்டுத் தேதியை (எந்த நாள் நிலவரப்படி மதிப்புப் போட்டார்களோ அந்த நாளை) ஒட்டி நடந்த விற்பனை என்று பார்த்துப் பொறுக்கியவை. அதில் ஒன்று சொந்தக்காரர்களுக்குள் கைமாறியது. அது சந்தை விலை ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள், நியாயம்தான். பின்சுவர் விரிசலுக்குப் பொறியாளர் கொடுத்த பழுதுபார்ப்பு மதிப்பீட்டைத்தான் நிதானமாகப் படித்தார்கள். கேட்டதில் பாதி குறைந்தது. இன்னும் குறைத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

---

அப்பீல் போடும் முன் உங்கள் பதிவில் விட்டுப்போனது ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் மதிப்பைக் கூட்டவும் அப்பீலை விசாரிப்பவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குறைக்கச் சொல்லிப் போனார். அளக்க வந்தவர்கள், பின்னால் கட்டிய அறை கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் விடாதீர்கள். வட்டி ஏறும், வரியைக் கட்டினால்தான் மனுவையே எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஜெயித்தால் கூடுதலாகக் கட்டியது பெரும்பாலும் அடுத்த தவணையில் கழியும். கழிந்ததா என்று நாம்தான் பார்க்கவேண்டும். எனக்கு உத்தரவு வந்த பிறகும் அடுத்த பில் பழைய மதிப்பிலேயே வந்தது, உத்தரவு நகலைக் காட்டித்தான் மாற்றினேன்.