கிராஸ் பட்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரியில் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். இந்த முறை 14 பேர். பாதிப் பேர் இப்போதுதான் முதன்முதலாக மிஷினில் கால் வைக்கிறார்கள். உள்பாவாடை முடிந்து சாதா ஜாக்கெட்டுக்கு வந்திருக்கிறோம். கழுத்தைச் சுற்றி வைத்து உள்பக்கம் மடித்துத் தைப்போமே, அந்தப் பட்டியைக் கடைகளில் கிராஸ் பீஸ் என்பார்கள். கையேட்டில் எல்லாமே தமிழில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு, 'குறுக்குப் பட்டி: துணியைக் குறுக்காக வெட்டவும்' என்று எழுதிவிட்டேன். வீட்டில் வெட்டிக்கொண்டு வந்தவர்களில் 9 பேர் துணியை அகலவாக்கில் வெட்டியிருந்தார்கள். தமிழ் படித்தவர் குறுக்கு என்றால் அப்படித்தானே வெட்டுவார்? அந்தப் பட்டி கழுத்து வளைவில் திரும்பவே இல்லை. இழுத்துப் பிடித்துத் தைத்தவர்களுக்குச் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. ஒரு பெண் அவள் அம்மாவுக்காக டூ பை டூ துணி வாங்கி வந்திருந்தாள். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கழுத்தே நைந்துபோய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

நீளவாக்கில் ஓடும் இழைக்குப் பாவு, அகலவாக்கில் ஓடும் இழைக்கு ஊடை என்று நெசவாளர்கள் சொல்லும் நல்ல சொற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, துணியின் கரைக்கு (நெய்யும்போதே நீளவாக்கில் அமைகிற விளிம்புக்கு) 45 பாகை சாய்ந்த திசைக்கு ஒரு பெயர் வேண்டும். நெய்த துணி அந்தத் திசையில்தான் நன்றாக இழுபடும், அதனால்தான் பட்டி வளைவோடு வளைந்து உட்காருகிறது. திங்கட்கிழமை கையேடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. உதவுங்கள்.

— தருமபுரி, தையல் வகுப்பு

---

அன்புள்ள அம்மா,

நல்ல கேள்வி. தமிழில் இதற்கு வேர் இல்லாமல் போகவில்லை. கோடுதல் என்றால் வளைதல், சாய்தல். 'ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்று நடுவுநிலைமையில் படித்திருப்பீர்கள், 118ஆம் குறள். துலாக்கோல் ஒருபக்கம் சாய்வதைக் கோடுதல் என்ற அதே சொல்லால், இழை சாய்வதையும் சொல்லலாம். கோடிழை. மூன்றே எழுத்து. பாவு, ஊடை, கோடிழை என்று அடுக்கிச் சொல்லிப் பாருங்கள். செங்கோலுக்கு எதிரான கொடுங்கோலும், கொடுக்காப்புளியின் வளைந்த காயும் இந்தக் குடும்பம்தான் என்பது என் எண்ணம். கோடிழைப் பட்டி என்றே அச்சிடலாம்.

— பாலக்கோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயா, வணக்கம்.

கோடிழை அழகாக இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கோடு என்றால் நேராக இழுப்பது என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். சாய்வு என்று சொல்ல வந்து நேர்கோட்டில் முடியும்.

வேறொன்று தோன்றுகிறது. இந்தத் திசைக்கு ஆங்கிலத்தில் உள்ள பையஸ் என்ற சொல்லுக்குத் துணியின் சாய்வு என்றும் பொருள், ஒருபக்கம் பேசுவது என்றும் பொருள். தமிழில் ஓரம் என்ற சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான். 'மன்றோரஞ் சொன்னார் மனை' என்று நல்வழியில் ஔவை பாடியது நீதிமன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசியவர்களைத்தான். ஓரவஞ்சனை இன்றும் வழக்கில் இருக்கிறது. எங்கள் ஓசூர்ப் பக்கம் கன்னடத்தில் சாய்வுக்கு ஓரெ என்பார்கள். எல்லாம் ஒரே வேராக இருக்க வேண்டும். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட நம் தருமபுரி மண்ணில் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையே சொல் எடுத்துக் கொடுத்தது போல இருக்கிறது. ஓரவெட்டு, ஓரப்பட்டி என்று வைக்கலாமே?

— ஓசூர்

---

ஓசூர் தம்பிக்கு,

ஓரம் வேண்டவே வேண்டாம். ஓரம் அடிப்பது என்றால் தைக்கிறவர்களுக்கு விளிம்பை மடித்து அடிப்பது. புடவைக்கு ஓரம் அடிக்கிறோம், பாவாடைக்கு ஓரம் அடிக்கிறோம். ஓரப்பட்டி என்று எழுதினால் பிள்ளைகள் துணியின் கரையை அப்படியே கிழித்து எடுத்து வந்துவிடுவார்கள். கரைதான் துணியிலேயே இழுபடாத இடம்.

பாலக்கோடு ஐயா மன்னிக்க வேண்டும். கோடிழை என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பெண்கள் கோடி என்றுதான் வாசிப்பார்கள். கோடி புதுத்துணிதான், ஆனாலும் சாவு வீட்டில் கோடி போடுவதைத்தான் முதலில் நினைப்பார்கள். புது ஜாக்கெட் தைக்க உட்காருகிற பெண்ணின் காதில் அந்தச் சொல் விழ வேண்டாம்.

— ஊத்தங்கரை

---

ஊத்தங்கரை அம்மா சொல்லும் கோடி வேறு சொல், கோடு வேறு சொல். ஒலி ஒத்திருப்பதற்காகப் பழஞ்சொல்லை ஒதுக்கினால் அகராதியில் பாதியை ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஓசூர் நண்பருக்கு ஒரு திருத்தம். அதியமானைப் பாடிய ஔவை சங்க காலத்தவர். நல்வழி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கித் தகடூருக்குப் பெருமை தேட வேண்டியதில்லை, இருக்கிற பெருமையே போதும். அப்புறம், தையல் தொழிலுக்குத் தமிழில் பழமை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' புகாரில் வாழ்ந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். துன்னகாரர் துணி தைப்பவர், தோலின் துன்னர் தோல் தைப்பவர். இவ்வளவு பழைய தொழிலுக்கு 'கிராஸ்' என்று இரவல் வாங்குவது எனக்கு வலிக்கிறது.

— பாலக்கோடு

---

வணக்கம் ஐயா. நான் கிருஷ்ணகிரியில் 30 வருடமாக டெய்லர். பர்கூரில் துணி எடுத்து வந்து என்னிடம் தைக்கக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

எங்கள் தொழிலில் காஜா போர்த்துக்கீசியச் சொல், பொத்தான் போர்த்துக்கீசியச் சொல். பாபின், டாட் (உடம்புக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது), ஓவர்லாக் எல்லாம் ஆங்கிலம். இவற்றை வைத்துக்கொண்டு இத்தனை காலம் நல்ல தமிழர்களுக்கு நல்ல சட்டை தைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைகள் நாளைக்குக் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போவார்கள். அங்கே மாஸ்டர் 'கிராஸ்ல வெட்டிட்டு வா' என்பார். கோடிழையில் வெட்டு என்று சொல்ல மாட்டார். அந்தப் பிள்ளை திகைத்து நிற்கக் கூடாது. என் கவலை அவ்வளவுதான். கிராஸ் என்றே எழுதி, எப்படி மடிப்பது என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

— கிருஷ்ணகிரி

---

டெய்லர் அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் 9 பிள்ளைகள் தவறாக வெட்டியது எதனால்? கிராஸ் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளாகக் குறுக்கு என்று போட்டதால்தானே! இரவல் சொல்லில் பொருள் உள்ளே தெரிவதில்லை. திசையைக் காட்டுகிற தமிழ்ச் சொல் இருந்தால் தவறு நடக்காது.

நான் கணக்கு ஆசிரியர். மூலைவிட்டம் என்ற சொல் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். மூலைவிட்டப் பட்டி என்று வைப்போம். 18 இஞ்ச் சதுரத் துண்டில் மூலைவிட்டம் ஏறக்குறைய 25½ இஞ்ச் வரும், எவ்வளவு நீளப் பட்டி கிடைக்கும் என்று கணக்கும் போடலாம்.

— காவேரிப்பட்டணம்

---

சார், சதுரமாக இருந்தால் சரி. ஜாக்கெட் வெட்டிய பிறகு மிஞ்சுகிற துண்டில்தானே பட்டி எடுக்கிறோம், அது எப்போது சதுரமாக இருந்தது? 10 இஞ்ச் அகலம் 20 இஞ்ச் நீளத் துண்டில் மூலைக்கு மூலை கோடு போட்டால் என்ன பாகை வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

— ஊத்தங்கரை

---

சுமார் 27 பாகை. 45 இல்லை. நீங்கள் சொல்வது சரி, மூலைவிட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். செவ்வகத்துக்கு அந்தச் சொல் மறுபடியும் தவறாகத்தான் வழிகாட்டும்.

— காவேரிப்பட்டணம்

---

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு இரவு எழுதுகிறேன்.

நேற்று வகுப்பில் பெயர் எதுவும் சொல்லாமல் செய்து காட்டினேன். துணியின் ஒரு மூலையைப் பிடித்து, அகலவாக்கில் வெட்டிய விளிம்பு கரையின் மேல் சரியாக உட்காரும்படி மடித்தேன். அந்த மடிப்புதான் 45 பாகை, துண்டு சதுரமோ செவ்வகமோ எதுவானாலும். மடிப்பைப் பிடித்து இழுத்துக் காட்டியதும் துணி ரப்பர் போல நீண்டது. பாவு நெடுக இழுத்தால் அசையவில்லை. பிறகு மடிப்பை ஒட்டி ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் கோடு போட்டு வெட்டினோம். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், 'மூலைவாட்டமா வெட்டினது' என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெலுங்கிலும் மூல என்றால் மூலைதான், கன்னடத்தில் மூலெ. என் வகுப்பில் மூன்று மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் உடனே பிடிபட்டது. கழுத்து நைந்துபோனதே, அந்தப் பெண்ணும் மிச்சத் துணியில் மறுபடி பட்டி வெட்டினாள். இந்த முறை சுருக்கம் இல்லாமல் திரும்பியது.

அதனால் கையேட்டில் 'மூலைவாட்டப் பட்டி' என்று போடுகிறேன். பக்கத்திலேயே 'கடையில் கிராஸ் பீஸ் என்பார்கள்' என்று ஒரு வரி. கீழே மடிக்கும் முறை, படத்தோடு. குறுக்கு என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன்.

— தருமபுரி

---

அம்மா, எனக்கு இது போதும். மாஸ்டர் சொல்லும் புரியும், புத்தகச் சொல்லும் புரியும்.

— கிருஷ்ணகிரி

---

மூலைவாட்டம் திசையைச் சரியாகச் சொல்லவில்லை. மூலையை மடிக்கும் செயலைத்தான் அது நினைவூட்டுகிறது. காவேரிப்பட்டணத்தார் எந்தக் காரணத்தால் மூலைவிட்டத்தை விட்டாரோ, அதே காரணம் இதற்கும் உண்டு. கையேடு போகட்டும், பிள்ளைகள் தைக்கட்டும். துணியறிவியலைத் தமிழில் கற்பிக்கும் நாளுக்குக் கோடிழை வேண்டியிருக்கும். அதை நான் விடவில்லை.

— பாலக்கோடு

---

ஐயா, விட வேண்டாம். ஆனால் அடுத்த வாரம் அவர்கள் வகுப்பில் டாட் பிடிக்கப் போகிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

— ஊத்தங்கரை