படிக்கும்போது தொழில் தொடங்க நினைத்தீர்களா? அந்த எண்ணம் என்ன ஆயிற்று?

கோத்தகிரி மகள்:
வணிகவியல் மூன்றாம் ஆண்டில் தொழில்முனைவுத் தாளுக்காக ஒரு திட்ட அறிக்கை எழுதினேன். எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல், வாணலியில் வதக்கிக் கையால் உருட்டிப் பச்சைத் தேநீராக விற்பதுதான் திட்டம். அன்று மாலை அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைப் புரட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து தொழிற்சாலை கொடுத்த அந்த மாதத்து இலைச் சீட்டை எடுத்து, உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் போக மிஞ்சிய தொகையைப் பேனாவால் வட்டமிட்டு, என் அறிக்கையின் மேல் வைத்தார். "இதுல நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதாம்மா படிக்க வச்சேன்" என்றார். நான்கு ஆண்டுகளாகக் கோவையில் கணக்கெழுதுகிறேன். அந்த நீல வட்டம் கண்ணைவிட்டு அகலவில்லை.

பூம்பாறைத் தம்பி:
வீடுதான் தடை என்பதை ஏற்க என்னால் இயலவில்லை, அக்கா. என் வீட்டிலும் எல்லோரும் அரசு வேலைத் தேர்வுக்குத்தான் படிக்கச் சொன்னார்கள். 2019இல் எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெருமையாக இருந்ததே தவிர, தொழில் செய்யும் எண்ணத்தைத் தரவில்லை. ஒருமுறை அடுப்புப் புகையில் உலர்ந்த பூண்டை இரண்டு கட்டு விடுதிக்குக் கொண்டு போயிருந்தேன். அறைத்தோழனின் அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கிலோ என்ன விலை, தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி சொல்வதே விலை என்று இருந்த எங்கள் குடும்பத்தில், அந்தக் கேள்வியை அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. இன்று மாதந்தோறும் நாற்பது வீடுகளுக்கு அனுப்புகிறேன்.

உதகை ஆசிரியர்:
இருவர் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. உளவியலாளர் ஐசக் அய்சன் 1991இல் விரித்தெழுதிய கோட்பாட்டின்படி, ஒரு செயலில் இறங்கும் எண்ணத்தை மூன்று காரணங்கள் உருவாக்குகின்றன: அச்செயலைப் பற்றிய மனப்பாங்கு, நெருங்கியோரின் எதிர்பார்ப்பு, தன்னால் இயலும் என்ற உணர்வு. மகளுக்கு இரண்டாவது குறுக்கே நின்றது; தம்பிக்கு, ஒருவர் விலை கேட்டதால், மூன்றாவது கைகொடுத்தது. இதை நான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "கடன் அடையாவிட்டால் அப்பாவின் பட்டா போய்விடுமா, ஐயா?" என்று கேட்டான். நான் விடை சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ஒன்று சொல்கிறேன், மகளே. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்காக 2012-13இல் தமிழக அரசு தொடங்கிய நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றவர்களும் சேரலாம். திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியமும், வங்கிக் கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. பொதுப் பிரிவினர் 10 விழுக்காடு சொந்தப் பணம் போட வேண்டும். உதகையிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். போகும் முன், ஐந்து கிலோவாவது விற்று, வாங்கியவர் மறுபடியும் கேட்டாரா என்று எழுதி வையுங்கள். அப்பாவிடமும் அந்தக் கணக்கையே காட்டுங்கள்.

கோத்தகிரி மகள்:
ஐயா, நான் கடனுக்கு வழி கேட்டு எழுதவில்லை. தம்பி எழுதியதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாற்பது பக்கம் எழுதிய நான், அந்த இலையை ஒருநாளும் உருட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒரு வாய் கொடுக்கவும் இல்லை. வரும் ஞாயிறு ஊருக்குப் போகிறேன்.