ரிலே போர்டு ஆட்டத்தின் நடுவே செத்துப்போகிறது, அவசரம்

வெள்ளிக்குண்டு:
விர்ச்சுவல் பின்பால் கேபினெட்டில் (திரையில் பின்பால் ஆடும் பெட்டி) 8 சேனல் யூஎஸ்பி ரிலே போர்டு, அதாவது கணினி இயக்கும் எட்டு மின் சுவிட்சுகள். சோதித்துப் பார்த்தால் எல்லா ரிலேயும் டிக் டிக்கென்று ஒழுங்காக அடிக்கிறது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் நின்றுவிடுகிறது, யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வருகிறது. போர்டு போச்சா?

சாலிடர்மணி:
5 வோல்ட் போர்டா, 12ஆ? ரிலே எதை இயக்குகிறது? ஒன்றுமே சொல்லாமல் போர்டு போச்சா என்றால் எப்படி?

நீலத்திரை:
விண்டோஸ் வேலைதான். பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி சஸ்பெண்டை, அதாவது யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள்.

வெள்ளிக்குண்டு:
12 வோல்ட், தனி சப்ளை. ஃபிளிப்பரும் பம்பரும் பந்தை அடிக்கும்போது டக்கென்று அதிர 24 வோல்ட் கான்டாக்டர் (பெரிய ரிலே மாதிரி), அப்புறம் ஒரு கியர் மோட்டார்.

பழையகாயில்:
இதற்கு எத்தனை முறை பதில் சொல்வது, தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் கிடையாது. சோதித்தபோது 24 வோல்ட் இணைப்பில் இருந்ததா? மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு எங்கே?

வெள்ளிக்குண்டு:
24 அப்போது இல்லை. டையோடு போர்டிலேயே இருக்கிறதே?

பழையகாயில்:
அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கு. கான்டாக்டர் சுருளை யார் பார்ப்பது? ரிலே விடுபடும் கணத்தில் அந்தச் சுருள் எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் உதைக்கும், ரிலேயின் காண்டாக்டில் (தொட்டுப் பிரியும் முனையில்) பொறி பறக்கும், அந்த இரைச்சல் யூஎஸ்பி கேபிளில் ஏறி போர்டு கணினியிலிருந்து கழன்றுகொள்ளும். ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே, சுருளை ஒட்டியே, ஒரு 1என்4007 டையோடு போடுங்கள். வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம், மாற்றிப் போட்டால் ஷார்ட். மோட்டாருக்கும் வேண்டும்.

சாலிடர்மணி:
சரிதான். யூஎஸ்பி கேபிளையும் 24 வோல்ட் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

காந்தன்:
இன்னும் ஏன் ரிலேயைக் கட்டி அழுகிறீர்கள்? மாஸ்ஃபெட் போடுங்கள், அசையும் பாகமே இல்லாத மின்னணு சுவிட்ச். ரிலேயில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் தொடர்ந்து மின்சாரம் தாங்காத சுருள் கருகிவிடும்.

சாலிடர்மணி:
மாஸ்ஃபெட்டும் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், அப்போதும் அந்த மாதிரிச் சுருள் கருகும். ஃபியூஸ் போட்டால் இரண்டுக்கும் தீர்வு. கான்டாக்டருக்கு ஆன், ஆஃப் தவிர வேறென்ன வேண்டும்?

காந்தன்:
தாமதம்? ரிலே ஒரு டிக், அதற்கப்புறம் கான்டாக்டர் ஒரு டக்.

சாலிடர்மணி:
ரிலே மூட 10 மில்லி விநாடிகூட ஆகாது. அது உங்கள் காதில் தனியாக விழுகிறதென்றால் பெரிய காதுதான்.

நீலத்திரை:
சஸ்பெண்டை யாராவது பார்த்தீர்களா?

வெள்ளிக்குண்டு:
கான்டாக்டர்களுக்கு டையோடு போட்டாயிற்று, இப்போது போர்டு கழலவில்லை. மோட்டாருக்குக் கைவசம் இல்லை, கழற்றி வைத்திருக்கிறேன். நன்றி.

காந்தன்:
அந்த மோட்டாருக்காவது மாஸ்ஃபெட் போடுங்கள் ஐயா.