பழைய ஸ்வெட்டரை வெட்டுவதா, பிரிப்பதா?

நூல்கண்டு:
நல்ல கம்பளி ஸ்வெட்டரில் கத்தரி வைப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கி கையுறை, குல்லா, கைப்பை என்று தைத்துப் படம் போடுகிறார்கள், ஆனால் மிச்சத் துண்டெல்லாம் குப்பைக்குத்தான். பின்னலைப் பிரித்தால் நூல் முழுசாகக் கைக்கு வரும், வேண்டியதைப் பின்னிக்கொள்ளலாம். பிரிக்க சோம்பலா? குளிரில் நடுங்குகிற யாருக்காவது அப்படியே கொடுத்துவிடுங்கள்.

ஊசிமுனை:
அக்கா, எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. உள்பக்கம் திருப்பி ஓரத் தையலைப் பாருங்கள். சங்கிலித் தையல் என்றால் சரி, ஒரு முனையை இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். ஓவர்லாக் (வெட்டிய ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) என்றால் பின்னிய துணியை வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள், பிரித்தால் வரிசைக்கு ஒரு துண்டு நூல்தான் மிஞ்சும், அதை வைத்து என்ன பின்னுவீர்கள்? அப்புறம், யாரோ மெஷினில் வெந்நீரில் போட்டு, சுருங்கி, ஆறு வயசுப் பிள்ளை சைஸுக்கு வந்துவிட்ட ஸ்வெட்டரை யாருக்குக் கொடுப்பது? கம்பளி இழையில் இருக்கும் செதில்கள் சூட்டிலும் சோப்பிலும் உரசலிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி ஃபெல்ட் ஆகிவிடும், அதாவது இறுகிக் கெட்டியாகிவிடும். பிரிக்கவும் வராது, வெட்டினால் பிசிறும் வராது. கையுறைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 2021 ஜனவரி 20, அமெரிக்க அதிபராக பைடன் பதவியேற்றபோது செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அந்தக் கையுறை அங்கே வெர்மான்ட் மாநிலப் பள்ளி ஆசிரியை ஜென் எல்லிஸ் பழைய ஸ்வெட்டரில் தைத்துக் கொடுத்ததுதான்.

நூல்கண்டு:
அந்தக் கையுறைதான் வினையே, அதைப் பார்த்துத்தான் ஆளாளுக்குத் தைக்கிறார்கள்! கெட்டுப்போனதை வெட்டினால் யார் கேட்கப் போகிறார்கள், நன்றாக இருப்பதை வாங்கி வேண்டுமென்றே வெந்நீரில் போட்டல்லவா சுருக்குகிறார்கள். போதாததற்கு உள்ளே ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற செயற்கைத் துணி) லைனிங். எல்லிஸ் வைத்தது பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஃப்ளீஸாகவே இருக்கட்டும், பாலியெஸ்டர்தானே? துவைக்கத் துவைக்க நுண்ணிழை தண்ணீரில் போகும். தனிக் கம்பளி என்றால் மண்ணில் மட்கும், இதை மட்க விடவும் முடியாது, நூலாக்கவும் முடியாது.

பனியன்காரன்:
திருப்பூரில் கட்டிங் மேஜையில் நிற்கிறவன் சொல்கிறேன். எங்களுக்குப் பருத்திதான், ஆனாலும் பின்னல் துணியின் குணம் ஒன்றுதான். ரெண்டு பேரும் லேபிளை விட்டுவிட்டீர்கள். அக்ரிலிக் என்ற செயற்கை நூலை எத்தனை தடவை வெந்நீரில் போட்டாலும் ஃபெல்ட் ஆகாது. சூப்பர்வாஷ் என்று போட்ட கம்பளியும் அப்படித்தான், துவைத்தால் சுருங்காமலிருக்கச் செதிலை மழுக்கி, மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள். இதையெல்லாம் வெட்டினால் பின்னல் கண்ணி அவிழ்ந்து ஓடும், வெட்டுவதற்கு முன்பே ஓரமாக ஒரு ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிடுங்கள். முனை உருண்டையான பால் பாயின்ட் ஊசி போடுங்கள், சாதா ஊசி நூலையே குத்தி அறுத்துவிடும். மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டின் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் அலை அலையாக நெளிந்துவிடும்.

இன்னொன்று, ஸ்வெட்டரின் கீழ் ரிப்பை (இழுபடுகிற வரிப்பின்னல் பட்டியை) வெட்டி எறியாதீர்கள். கையுறை பேட்டர்னின் மணிக்கட்டுப் பக்கத்தை அந்த ரிப் விளிம்பிலேயே வைத்து வெட்டினால் மடித்துத் தைக்கிற வேலையே இல்லை. குல்லாவுக்கும் அப்படியே, ஆனால் துணி இழுபடுகிற திசை தலையைச் சுற்றி வர வேண்டும். மாற்றி வெட்டினால் தலைக்குள் போகாது.

ஊசிமுனை:
அண்ணே, ரிப் விஷயத்துக்கு நன்றி. அக்கா, லைனிங் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், மெல்லிய கம்பளியையே உள்ளே வைத்துத் தைக்கலாம். ஆனால் "நன்றாக இருப்பதை அப்படியே கொடு" என்பதை ஏற்க மாட்டேன். கொடுத்ததெல்லாம் யாராவது போட்டுக்கொள்கிறார்களா? வெளிநாட்டுப் பழைய கம்பளி மூட்டை மூட்டையாக ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வருகிறது. பட்டன், ஜிப்பைப் பிடுங்கி, நிறம் நிறமாகப் பிரித்து, மெஷினில் நார்நாராகக் கிழித்து, திரும்ப நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். என் மேஜையில் வெட்டினால் மட்டும் பாவமா?

நூல்கண்டு:
அங்கே துண்டு துணுக்குகூட நூலாகிறது, உங்கள் மேஜையில் பாதி கூடைக்குப் போகிறது. அதுதான் என் பேச்சு. கழுத்தும் அக்குளும் என்ன ஆகின்றன?

ஊசிமுனை:
குண்டூசி செருகுகிற மெத்தைக்குள் திணிக்கிறேன்.

நூல்கண்டு:
எத்தனை மெத்தைதான் செய்வீர்கள்! சரி, முழங்கையில் மட்டும் ஓட்டை விழுந்த கேஷ்மியர் (ஆட்டின் மென்மயிரில் செய்த உயர்ந்த கம்பளி) ஸ்வெட்டர் கிடைத்தால்?

பனியன்காரன்:
ஓட்டையை ஊசியால் இழை ஓட்டி மூடுங்கள். கேஷ்மியரை வெட்டினால் நானும் அக்கா கட்சிதான்.