மறுமொழி: மூடிய நிலக்கரிச் சுரங்கத்தை மீட்பதா, திருத்துவதா?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் நேற்று மாலை முழுவதும் மின்சாரம் இல்லை. இரவுதான் எல்லா மடல்களையும் வாசித்தேன். உயர்தரப் புவியியல் மாணவர்களுக்கு எழுதும் குறிப்புக்காக நான் கேட்ட ஒரு சொல் இவ்வளவு தூரம் இழுக்கும் என்று நினைக்கவில்லை. நிலக்கீழ்ச் சுரங்கத்தில் கரி எடுத்து முடிந்து, வாயையும் மூடிய பிறகு அந்த நிலத்தை மறுபடி மனிதருக்கு உதவும்படி ஆக்குகிறார்களே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

கோவை ஐயா "சுரங்க மீட்பு" என்றார். இலக்கணத்தில் குறையில்லை. கரும்பலகையில் எழுதியும் பார்த்தேன். பாதி வகுப்பு, சுரங்கத்துக்குள் அகப்பட்டவர்களை வெளியே எடுப்பது என்று விளங்கிக்கொண்டது. மற்றப் பாதிக்கு மீட்பு என்றால் காணி மீட்பு. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தங்கள் காணிக்காக வெயிலிலும் பனியிலும் வீதியோரம் இருந்தது இந்தப் பிள்ளைகளுக்குப் பாடநூல் வரலாறு அல்ல, வீட்டுக் கதை. ஒருவரிடம் இருப்பதைத் திரும்ப வாங்குவதுதான் அவர்களுக்கு மீட்பு. சுரங்க நிலத்தை யாரிடமிருந்து வாங்குவது? பின்வாங்கில் இருந்த ஒருவன் மிதிவெடி அகற்றுவதா என்று கேட்டான். சிரிக்க முடியவில்லை. வெடி அகற்றும் நிறுவனங்களின் ஆங்கிலப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். அந்த மொழியில் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் பெயர் ஒன்றே. கோட்டை மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்.

வவுனியா அக்காவின் "புனர்வாழ்வு" இன்னும் சிக்கல். 2009க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது முகாம். நிலத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம், அக்கா.

என் முன்மொழிவு "திருத்தம்". பிழை திருத்துவது மட்டும் அல்ல. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்று சொல்லும்போது வருகிற திருத்தம். குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற எங்கள் தாத்தாமார் பற்றையை வெட்டி, வேரைக் கிளறி, வரம்பு கட்டி மேட்டுக்காணி திருத்தியவர்கள். பொருள் தயாராக இருக்கும்போது புதிதாக எதற்கு ஆக்கவேண்டும்? ஆகவே "சுரங்கநிலத் திருத்தம்". கீழே இறங்கும் கிணற்றை நிரப்புவதற்குத் "தூர்த்தல்" போதும். பாழ்ங்கிணற்றைத் தூர்த்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

கரிக் கழிவைக் குவித்த மலைக்குக் "கழிவுமேடு" என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பச்சை பிடித்தால் போதும் என்று எழுதியவருக்கு ஒன்று சொல்லவேண்டும். வேல்ஸ் நாட்டு அபர்வானில் அப்படி ஒரு மேட்டை ஊற்று நீரின் மேலேயே குவித்தார்கள். 1966 ஒக்டோபர் 21 காலை அது சேறாகச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் சிறுவர்கள். நீரோட்டம் பார்க்காமல் மண் கொட்டினால் என்ன ஆகும் என்பதைக் குளக்கட்டுக்குக் கீழே வாழும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவுமேட்டுத் திருத்தம் என்றால் முதலில் நீர்வழி, பிறகுதான் புல்லும் மரமும்.

இனி எனக்கு உண்மையில் இடித்த இடம். திருத்தம் என்றால் ஒருநாள் முடியும். நிலக்கீழ்ச் சுரங்கத்தில் முடியாத வேலையும் உண்டு. ஜேர்மனியின் ரூர் பகுதியில் கரி எடுத்த வெற்றிடம் இடிந்து, மேல்நிலம் சில இடங்களில் 20 மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. பொட்ரொப் நகரில் நாட்டின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. இறைப்பு மட்டும் நிற்கவில்லை. மேலே பம்பிகளை நிறுத்தினால் குடியிருப்புகள் குளமாகும். கீழே நிறுத்தினால் உப்பும் இரும்பும் கரைந்த நீர் ஏறிக் குடிநீரோடு கலக்கும். இந்தச் செலவுக்கென்றே 2007இல் ஓர் அறநிலையத்தை அமைத்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் "என்றென்றைக்குமான பணிகள்". இறைக்கிற கிணறு ஊறும் என்று நாங்கள் நல்லதற்குச் சொல்வோம். அங்கே அதுவே சாபம்.

இதற்கு முதலில் "ஓயா இறைப்பு" என்று எழுதி மன்னார் நண்பருக்குக் காட்டினேன். எந்த ஓயா, மல்வத்து ஓயாவா என்று கேட்டார். அருவியாற்றின் சிங்களப் பெயர் குறுக்கே வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது "தீரா இறைப்பு" என்று மாற்றியிருக்கிறேன். அதையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாகத் "தீராக்கடன்". கடன் என்பதில் கடமையும் இருக்கிறது, கொடுத்துத் தீர்க்கவேண்டியதும் இருக்கிறது. கரியை விற்றது ஒரு தலைமுறை, கட்டுவது எத்தனையோ தலைமுறை. நுண்கடனால் நொந்த ஊர்களில் இந்தச் சொல் சுடும் என்று வவுனியா அக்கா சொல்லக்கூடும். சுடட்டும்.

சுரங்கத்தில் நிரம்பும் நீருக்குச் "சுரங்கக் கழிவுநீர்" என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். "சுரங்கநீர்" போதும். நெதர்லாந்தின் ஹேர்லன் நகரம் 2008 முதல் மூடிய சுரங்கத்து இளஞ்சூட்டு நீரை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. உதவுகிற பொருளை நாமே கழிவு என்று எழுதி வைப்பானேன்? இரும்பு சல்பைட்டு காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, ஓடையைச் செம்மஞ்சளாக்கும் வகைக்கு மட்டும் "அமிலச் சுரங்கநீர்" என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கரி கப்பலில்தான் வருகிறது, இந்தச் சொல் யாருக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். காரீயச் (கிராபைட்டு) சுரங்கங்கள் இருக்கின்றனவே. தவிர, பரீட்சை வினாத்தாள் எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை.

வெள்ளிக்கிழமை குறிப்பை அச்சுக்குக் கொடுக்கிறேன். "திருத்தம்", "தீரா இறைப்பு", "தீராக்கடன்" மூன்றில் எதற்கு மறுப்பு இருந்தாலும் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். கோவை ஐயா "தீராக்கடன்" என்பதில் வல்லினம் மிகுவதைப் பற்றி மட்டும் எழுதாமல், பொருளைப் பற்றியும் இரண்டு வரி எழுதவேண்டும்.