ஸ்கிராஃபிட்டோவுக்குக் ‘கீறல் ஓவியம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுவரின் மேல்பூச்சைச் சுரண்டி, அடிப்பூச்சின் நிறத்தில் வடிவம் காட்டும் வேலைப்பாடு ஸ்கிராஃபிட்டோ. அதற்குத் தமிழில் ‘கீறல் ஓவியம்’ என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். இத்தாலிய மூலச்சொல்லின் பொருளும் கீறுவதுதான். ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கீழடிப் பானையோடுகளில் இருப்பவற்றைக் ‘கீறல் குறியீடுகள்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அப்புறம், இது ஓவியமே இல்லை. தூரிகைக்கு இங்கே வேலை கிடையாது.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு, மணலோடு எரித்த வைக்கோலைக் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி இதை விவரித்திருக்கிறார். பீசாவில் அவர் வடிவமைத்த மாளிகையின் முகப்பு முழுக்க இந்த வேலைப்பாடுதான். அந்தச் சாம்பல் நிறப் பூச்சின்மேல் மெல்லிசாக வெள்ளைச் சுண்ணாம்பு. ஈரம் காய்வதற்குள் வேண்டாத இடத்து வெள்ளையைச் சுரண்டி எடுத்தால், அடியில் இருக்கும் கருமை வடிவமாகத் தெரியும். கிரேக்கத்தில் கியோஸ் தீவின் பிர்கி ஊரில் சாதாரண வீடுகளே இப்படித்தான். அங்கே முள்கரண்டியால் சுரண்டுவார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘க்சிஸ்தா’, அதாவது சுரண்டியவை. செக் நாட்டின் லிடோமிஷ்ல் மாளிகைச் சுவரில் கடித உறை போன்ற கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றிலும் வெறும் கோடு மட்டுமில்லை, வெள்ளைப் பரப்பே அகற்றப்பட்டிருக்கிறது.

ஆகவே ‘கீறு’ போதாது, ‘சுரண்டு’தான் சரி. என் பரிந்துரை: சுரண்டுசுதை. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வேண்டாம். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து என்பது சுதைச் சிற்பத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ‘கீறுபூச்சு’ என்றும் யோசித்தேன். ஆனால் கொத்தனாரிடம் அப்படிச் சொன்னால், அடுத்த பூச்சு பிடிப்பதற்காக முதல் பூச்சில் கோடு கிழிப்பதைத்தான் நினைப்பார்.

சுரண்டல் என்றாலே உழைப்புச் சுரண்டல் நினைவுக்கு வருமே என்று சிலர் கேட்கலாம். ‘சுரண்டல் லாட்டரி’ என்று ஊரே சொன்னபோது யாரும் அப்படி நினைக்கவில்லையே. மேல்பூச்சைச் சுரண்டினால் அடியில் இருப்பது தெரியும் என்ற அதே கருத்துதான் இங்கும்.

ஒன்று மட்டும் மிச்சம். மட்பாண்டத்திலும் இதே நுட்பம் உண்டு. அங்கே மேல்பூச்சு களிமண் குழம்பு, சுதை பொருந்தாது. அதைச் ‘சுரண்டுபூச்சு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாமா? மண்பாண்டம் செய்யும் நண்பர்கள் சொல்லுங்கள்.