பழைய தேக்கு நிலையில் சில்வர் ஓக் ஒட்டு தாங்குமா? (குன்னூர்)

இழைப்புளி:
குன்னூர்ல பழைய பங்களா. ஜன்னல் நிலைகள் தேக்கு, 100 x 75 மி.மீ. நிலைக்கால்களோட அடியில ஒரு சாண் உளுத்துப்போச்சு, கீழ்ச் சட்டமும் போச்சு. அதுக்கு மேல நல்ல வைரம் (மரத்தோட உறுதியான நடுப்பகுதி). எஸ்டேட்ல அறுத்த சில்வர் ஓக் கைவசம் இருக்கு, கொஞ்சம் வேங்கையும். அழுகின இடத்துக்கு மட்டும் ஒட்டு போட்டு பெயின்ட் அடிச்சா நிற்குமா? கூரையோரப் பலகைகளும் மாத்தணும், 200 மி.மீ. அகலம்.

கோத்தகிரி உளி:
கீழ்ச் சட்டத்துக்கு சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம் சார். தண்ணி நிற்கிற இடம் அது. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போனா பூஞ்சை பிடிக்கும். உங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில பெயின்ட் கீறின இடமெல்லாம் அந்த அளவைத் தாண்டும். சில்வர் ஓக் உள்பக்க வேலைக்கு அருமையான மரம், வெளியில நிற்காது. தேக்கா இருந்தாலும் பட்டையை ஒட்டின வெள்ளைப் பகுதி உதவாது, வைரம் மட்டும்தான். காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீடுகளோட பழைய பர்மா தேக்குச் சட்டம் கிடைக்கும், அதை வாங்குங்க.

வேங்கை உறுதியில குறை சொல்ல முடியாது. ஆனா சாயம் இறங்கும். வேங்கைக் குவளையில ஊத்தின தண்ணி நிறம் மாறுமே, அதே சாயம்தான் மழையில சுண்ணாம்புச் சுவர்ல பழுப்புக் கோடா வழியும். ஜன்னலுக்கு அடியில வெள்ளைச் சுவர் இருந்தா தவிர்த்துடுங்க.

நிலைக்கால்:
மேலே சொன்னது சரி. ஒட்டுல முக்கியம் வெட்டுற சாய்வு. குத்தூசி இறங்காத மரம் வர்ற வரைக்கும் அறுத்துட்டு, 75 மி.மீ. கனத்துக்கு 300 மி.மீ. நீளம் சாய்வா வெட்டுங்க. வெட்டு உள்ளேயிருந்து வெளியே இறங்கணும். வெளிமுகத்துல பழைய மரம் புது மரத்து மேல கவிஞ்சு நிற்கணும். திருப்பி வெட்டினா சுவரோரம் வழியிற தண்ணி நேரா ஜாயின்ட்டுக்குள்ள போகும். எவ்வளவு பசை போட்டாலும் அப்புறம் பிரயோஜனமில்ல.

கீழே சமவெளியில காய்ஞ்ச மரத்தைக் கொண்டுவந்த அன்னைக்கே வேலைக்கு எடுக்காதீங்க. நடுவுல ரீப்பர் வச்சு, மழை படாத வராந்தாவுல ஒரு மாசமாவது அடுக்கி வைங்க. புதுசுக்கும் பழசுக்கும் ஈரம் 2 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது.

தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு. 80 நம்பர் உப்புத்தாள் தேய்ச்சு, அசிட்டோன்ல துடைச்சு, உடனே எபாக்சி (இரண்டு பாகம் கலக்குற பசை) பூசிடணும். கிளாம்ப்பை இறுக்கி முறுக்கினா பசை முழுக்கப் பிதுங்கிடும். மார்கழி, தை குளிர்ல எபாக்சி சரியா இறுகாது, பங்குனி, சித்திரை நல்ல நேரம். ஸ்க்ரூ எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். இரும்பு ஆணி பட்டா மரத்துல இருக்கிற துவர்ப்புச் சத்தோட சேர்ந்து கறுப்புக் கறை பிடிக்கும், ஆணியும் துருப்பிடிச்சு அரிச்சுப்போகும்.

இழைப்புளி:
நன்றி. கூரையோரப் பலகைக்கு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) போட்டா என்ன? சுலபமா கிடைக்குது.

கோத்தகிரி உளி:
200 மி.மீ. தேக்குப் பலகை, ஈரம் 6 சதவீதம் மாறினா 2 மி.மீ. அளவுக்கு விரியும், சுருங்கும். நம்ம மலைக் கற்பூர மரம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல ஆடும், முறுக்கவும் செய்யும். ஒரே வரிசையில தேக்கும் இதுவும் கலந்தா சந்துப் பெயின்ட் முதல் கோடையிலேயே வெடிக்கும். வேற மரம்தான் போடணும்னா ஒரு பக்கத்து வரிசை முழுக்க அதே மரமா போடுங்க. பாதிப் பலகை ஒட்டு வேண்டாம். 100 மி.மீ. அகலமா இரண்டாப் பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு கவிச்சா ஆட்டமும் பாதியாகும்.

நிலைக்கால்:
மாட்டுறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும் பிரைமர் அடிச்சிடுங்க, பின்பக்கமும்தான். அறுத்த முனை நிறையக் குடிக்கும், அங்கே மூணு கோட். புதுக் கீழ்ச் சட்டத்தோட அடியில, வெளி விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி 6 மி.மீ. அகலக் காடி (நீளப் பள்ளம்) ஓட்டுங்க, சொட்டு அதுலயே அறுந்து விழும். கொத்தனார் நிலையைச் சுத்தி சிமென்ட் அப்ப விடாதீங்க. சிமென்ட்டுக்குள்ள போன ஈரம் வெளியே வராம மரத்தோடயே தங்கிடும். சுண்ணாம்புக் காரைதான் போடணும்.